சுமார் நாற்பத்து மூன்று

தமிழ்ச்செல்வன் என்னும் பெயரைக் கேட்டவர்கள் அவரைத் தமிழாசிரியர் என்றே எண்ணினார்கள். அவர் கற்பித்ததோ கணிதம். ஐதராபாத் பக்கம் மாரெட்பள்ளியில் இருந்த அந்தப் பள்ளியின் மாணவர்களுக்கு அவர் பெயரின் நடுவே நின்ற ழகரத்தைக் கடக்க முடியவில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே பெயரை இரண்டாக வெட்டிப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டனர். எட்டெழுத்துப் பெயரில் நான்கெழுத்து நீங்கி அவர் செல்வன் சார் ஆனார். சரிபாதி போயிற்றே என்ற வருத்தத்தைக் காட்டிலும், சரியாகப் பாதியில் வெட்டியிருக்கிறார்களே என்ற திருப்திதான் அவருக்கு மிகுதியாக இருந்தது.

அவர் சாத்தூர்க்காரர். மனைவி ப்ரியாவுக்கு ஐதராபாத்தில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்ததால் உடன் வந்தவர். மளிகைக் கடைக்கு எழுதும் சீட்டிலும் அளவுகோல் வைத்துக் கோடு போடுவார். பென்சிலைச் சீவினால், முனை நடுவில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தேர்வுத் தாள்களைத் திருத்துவதற்கு முன்பு விடைக்குறிப்பைச் சிவப்பு மையில் எழுதி, ஒவ்வொரு விடையைச் சுற்றியும் ஒரு பெட்டி வரைவார். பெட்டிக்குள் புகுந்த எண்ணை அவர் மறுபடி திறந்து பார்த்ததில்லை.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. அது 'சுமார்'. சாத்தூரில் படம் சுமார், சாப்பாடு சுமார், பையன் படிப்பில் சுமார் என்றால், தேறாது என்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். அந்தச் சொல்லை அவர் வாய்தவறியும் சொல்வதில்லை.

ஒழுங்கற்ற வடிவங்களின் பரப்பளவு என்னும் பாடம் ஏழாம் வகுப்பில் வருகிறது. செவ்வகத்திற்கும் முக்கோணத்திற்கும் சூத்திரம் உண்டு. இலைக்கும் ஏரிக்கும் சூத்திரம் இல்லை. அவற்றைக் கட்டத்தாளின் மேல் வரைந்து, உள்ளே எத்தனை கட்டங்கள் அடங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் வழி. பள்ளி முற்றத்துப் பாதாம் மரத்தின் இலைகளைப் பொறுக்கி வரச் செய்து, ஆளுக்கொன்றாகக் கட்டத்தாளில் வைத்து ஓரம் வரையச் சொன்னார் தமிழ்ச்செல்வன்.

"முழுக் கட்டம் ஒன்று. பாதியோ பாதிக்கு மேலோ இருந்தால் அதுவும் ஒன்று. பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள்" என்று விதியைச் சொன்னார்.

அந்த வகுப்பின் மொழி ஆங்கிலம். வியப்பும் கேலியும் மட்டும் அவரவர் வீட்டு மொழியில் வரும்.

விடையை எழுதும்போது சமக்குறிக்குப் பதிலாக இரண்டு நெளிகோடுகளைப் போட வேண்டும் என்று சொல்லிக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

"சார், சமக்குறிக்குத் தலை சுத்துதா?" என்றாள் ஃபர்ஹானா. அவள் வீட்டில் பேசுவது உருது. வகுப்பில் முதலில் சிரிப்பவளும் அவளே.

"இதை எப்படி வாசிக்கணும் சார்?" என்று கேட்டான் அனிருத். அவர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். அது நீளமாக இருந்ததால் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "அர்த்தமாயிந்தி சார், சுமாரு!" என்றான் அனிருத். தெலுங்கில் சுமாரு என்றால் ஏறத்தாழ என்பது பொருள்.

"நக்கோ! ஷுமார்னா எண்ணுறது. உருதுப் பாடத்துல வந்துச்சு. பேஷுமார்னா எண்ண முடியாதது" என்றாள் ஃபர்ஹானா.

சன்னல் ஓரத்தில் இருந்த ஜெசிந்தா தலை நிமிர்ந்தாள். ரயில்வே குடியிருப்பிலிருந்து வரும் தமிழ்ப் பெண் அவள். தமிழில் கேட்டால் பாதிக்கு மேல் வேறு மொழியில் பதில் சொல்வாள். "தமிழ்ல சுமார்னா ஓக்கே-ஓக்கே. எங்க அத்தை எல்லாத்தையும் சுமார்னுதான் சொல்வாங்க" என்றாள்.

வகுப்பு சிரித்தது. ஒரே சொல் மூன்று வீடுகளில் மூன்று வேலை பார்ப்பது தமிழ்ச்செல்வனுக்கும் புதுச் செய்திதான். ஆயினும், "கணக்கில் அந்தச் சொல் வேண்டாம். குறியை மட்டும் போடுங்கள்" என்று முடித்துவிட்டார்.

ஜெசிந்தா தன் இலையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்திருந்தாள். "சார், ஓரத்துக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் அது வளைஞ்சுக்கிட்டேதான் இருக்குமா? நேராவே ஆகாதா?"

"அது இந்தப் பாடத்தில் இல்லை."

"மேல்மாடி லேப்ல மைக்ராஸ்கோப் இருக்கு. அதுல வெச்சா தெரியும், இல்ல சார்?"

மேல்மாடி ஆய்வகம் சிறப்புப் பிரிவு மாணவர்களுக்கு உரியது. எட்டாம் வகுப்பிலிருந்தே பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் பிரிவு அது. ஏழாம் வகுப்பின் கணிதத் தேர்வில் முன்னிற்பவர்களை அதில் சேர்ப்பார்கள். பெற்றோர் அதற்காகப் படும் பாடு வேறு. ஜெசிந்தா அந்தப் பிரிவை விரும்பியது அந்த ஒரு கருவிக்காக. கீழ்ப்பிரிவில் இருப்பவர்களுக்கு அதனை ஆண்டுவிழாக் கண்காட்சியன்று தூரத்திலிருந்து பார்க்கத்தான் வாய்க்கும்.

தேர்வு வந்தது. இலைக்குப் பதிலாக ஓர் ஏரியின் வரைபடத்தைக் கட்டத்தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார் தமிழ்ச்செல்வன். ஒரு கட்டம் ஒரு ஹெக்டேர். ஏரியின் பரப்பளவு என்ன? கேள்விக்கு இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பின் சிவப்புப் பெட்டிக்குள் நாற்பத்தொன்று என்று இருந்தது. நாற்பத்தொன்று எழுதியவர்களுக்கு இரண்டும், பிறருக்குச் சுழியும் விழுந்தன.

ஜெசிந்தா நெளிகோடுகளைப் போடவில்லை. அவற்றின் இடத்தில் ஆங்கில எழுத்துகளில் 'சுமார்' என்று எழுதி, பக்கத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதியிருந்தாள். வேண்டாம் என்ற சொல்லைக் கண்ட எரிச்சலில் தமிழ்ச்செல்வன் அதனைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார். எண்ணையும் அடித்தார். சிறப்புப் பிரிவுக்கான முப்பது பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபோது அவள் பெயர் இல்லை. கடைசிப் பெயருக்கும் அவளுக்கும் இடையே இருந்தது அந்த இரண்டு மதிப்பெண்தான்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்திற்கு ஜெசிந்தாவின் தந்தை ஆரோக்கியசாமி வந்தார். ரயில்வே பணிமனை அலுவலகத்தில் எழுத்தர். அவர் பாட்டனார் காலத்திலேயே ஜோலார்பேட்டையிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். மகளை அருகில் நிறுத்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்தார்.

"சார், நீங்க தமிழ் ஆளு. அதான் சுத்தி வளைக்காம கேக்கறேன். எம் பொண்ணு சுமாரா?"

தமிழ்ச்செல்வன் திகைத்தார். "நான் அப்படிச் சொல்லலையே."

"வாயால சொல்லல. ஹவ், ஒத்துக்கறேன். செவப்பு மைல வட்டம் போட்டு எழுதிக் குடுத்திருக்கீங்களே." விடைத்தாளை விரித்து விரலை வைத்தார். "மார்க்கு கம்மின்னா கம்மின்னு போடுங்க. சுமார்னு போட்டா, அத எப்படி சார் வீட்ல காட்டறது?"

"அது நான் எழுதினது இல்லைங்க. எழுதினது உங்க மக. வட்டம் மட்டுந்தான் என்னோடது."

ஆரோக்கியசாமி மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். "உன்ன நீயே சுமார்னு எழுதிக்கினியா? கைக்கு, எதுக்கு? அதச் சொல்றதுக்குத்தான் உங்க அத்தை இருக்காளே!"

"ஐயோ டாடி, சுமார் நான் இல்ல. லேக்."

"ஏரி சுமாரா?"

"ஏரியோட ஏரியா, டாடி."

"ஏரிக்கு எந்த ஏரியாவா இருந்தா உனக்கென்ன? உன்ன எந்த ஏரியான்னா கேட்டாங்க?"

பக்கத்து மேசையில் இருந்த ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். தமிழ்ச்செல்வனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கேள்வி இன்னது, விதி இன்னது, விடை இன்னது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். ஆரோக்கியசாமி கவனமாகக் கேட்டார்.

"சார், மார்க்க பிச்சை கேக்க நான் வரல. தப்புன்னா தப்புதான். ஆனா இந்த சர்க்குலர் வந்ததுலேர்ந்து இவ வீட்ல வேற பேச்சே பேசறதில்ல." தொலைபேசியை எடுத்து, பள்ளி அனுப்பியிருந்த தெலுங்குச் சுற்றறிக்கையை வாசித்தார். "சுமாரு முப்பை மந்தி வித்யார்துலு... முப்பது பேர எடுக்கப் போறாங்கன்னு. எல்லா நாளும் மேல் மாடி, மேல் மாடின்னு ஒரே பாட்டு. நேத்து லிஸ்ட்டு பாத்துட்டு வந்து சாப்புடல. அதான் வந்தேன்."

ஜெசிந்தா மேசையின் விளிம்பைப் பார்த்தபடியே கேட்டாள். "சார், நாப்பத்தொண்ணுன்னு யாரு எண்ணுனாங்க?"

"நான்தான்."

"ஒரு தடவையா?"

"ஏய்! சார்கிட்ட அப்படியா கேக்கறது?" என்றார் தந்தை.

தமிழ்ச்செல்வன் விடைத்தாளைத் தம் பக்கம் திருப்பினார். ஒரு தடவைதான் எண்ணியிருந்தார். "நீ எப்படி எண்ணினே? அதைச் சொல்லு" என்றார்.

அவள் ஆங்கிலமும் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னதன் சாரம் இது. உடையாத கட்டங்கள் இருபத்தேழு. அவற்றில் அவளுக்கு ஐயம் இல்லை. கரை வெட்டிச் சென்ற கட்டங்கள் முப்பத்திரண்டு. அவற்றுள் எது பாதிக்கு மேல், எது பாதிக்குக் கீழ் என்று பார்த்தபோது, ஒவ்வொரு முறை பார்க்கையிலும் ஒவ்வொரு விதமாகத் தோன்றியது. ஆகவே அவள் எதையும் விடவில்லை, எதையும் முழுதாகக் கொள்ளவும் இல்லை. உடைந்த கட்டங்கள் அனைத்தையும் எண்ணி அவற்றில் பாதியை எடுத்துக்கொண்டாள். பதினாறு. கூட்டினால் நாற்பத்து மூன்று.

"கொஞ்சம் கூட இருக்கிறதும் கொஞ்சம் குறைய இருக்கிறதும் சரியாப் போயிடும்னு நெனச்சேன் சார். ஃபர்ஹானா சுமார்னா எண்ணுறதுன்னு சொன்னா. அனிருத் கிட்டத்தட்டன்னு சொன்னான். நான் எண்ணித்தான் கிட்டத்தட்ட சொன்னேன். ரெண்டும் ஒரே வேர்ட்ல வந்துச்சு. அதான் எழுதினேன்."

"இப்ப இது சரியா தப்பா சார்?" என்றார் ஆரோக்கியசாமி.

வழக்கமாகத் தமிழ்ச்செல்வனுக்கு இத்தகைய கேள்விக்கு விடை தயாராக இருக்கும். அன்று, "பாத்துச் சொல்றேன்" என்றார். தந்தையும் மகளும் எழுந்து சென்றபின், அவர் விடைக்குறிப்பையும் ஏரியின் வரைபடத்தையும் பைக்குள் எடுத்து வைத்தார்.

அன்று மாலை வீட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் ஏரியை விரித்து வைத்து மீண்டும் எண்ணினார். நாற்பத்திரண்டு வந்தது. கோளாறு எங்கே என்று தேடினார். வடகரையில் ஒரு கட்டம். தேர்வுக்கு முன் அதனைப் பாதிக்குக் குறைவு என்று தள்ளியிருக்கிறார். இப்போது பார்த்தால் பாதிக்குச் சற்று மேலே தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் மறுபடி குறைந்தது.

பிறகு ஓர் எண்ணம் தோன்றியது. ஏரி தன் இடத்தில்தான் இருக்கிறது; கட்டங்களைப் போட்டவர் நாம். அவற்றைச் சற்று நகர்த்திப் போட்டிருந்தால்? கண்ணாடி போன்ற நெகிழித்தாள் ஒன்றில் கட்டம் வரைந்து, ஏரியின் மேல் வைத்து, அரைக் கட்ட அளவு வலப்பக்கம் தள்ளினார். எண்ணினால் நாற்பது. சாய்வாகத் திருப்பினார். நாற்பத்து மூன்று. ஏரியில் ஒரு சொட்டு நீர் கூடவில்லை, குறையவில்லை. எண் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

ப்ரியா கணினியை மூடிவிட்டு வந்து எதிரில் அமர்ந்தாள். "சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் ஏரிக்குக் கூட்டிட்டுப் போவாருன்னு பார்த்தா, ஏரியத் தூக்கி வீட்டுக்குக் கொண்டாந்திருக்காரு."

"இதை ஒரு தடவை எண்ணு."

"எண்ணுனா சுண்டல் வாங்கித் தருவீங்களா?"

"முதல்ல எண்ணு."

அவள் எண்ணி நாற்பத்து நான்கு என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, "பாதி மாதிரி இருந்ததையெல்லாம் சேத்துக்கிட்டேன். பாவமா இருந்துச்சு" என்றாள்.

"பாவம் பார்த்தா பரப்பளவு வருமா?"

"நீங்க மட்டும் என்ன, ஈவு இரக்கம் இல்லாமத் தள்ளியிருக்கீங்க. உங்க ஏரி வத்திப் போனதுக்கு அதான் காரணம்."

தமிழ்ச்செல்வன் சிரிக்கவில்லை, அவள் சொன்னதில் கணக்கு இருந்தது. எண்ணுபவரின் மனம் கரையோரத்துக் கட்டங்களில் நுழைந்துவிடுகிறது. அப்படியானால், யார் எண்ணினாலும் மாறாதது எது? தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தார். அச்சிட்ட கட்டத்தாளில் உடையாத கட்டங்கள் இருபத்தேழு. ஏரி அதற்குக் குறையவே முடியாது. உடைந்தவற்றையும் முழுதாகச் சேர்த்தால் ஐம்பத்தொன்பது. ஏரி அதனை மிஞ்சவே முடியாது. இந்த இரண்டையும் யாரும் மறுக்க இயலாது. இரண்டுக்கும் சரியான நடுவில் நின்றது, ஜெசிந்தாவின் நாற்பத்து மூன்று.

அவர் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரித்தார். சிறிய கட்டங்களை எண்ணினால், குறையாத எல்லை முப்பத்து நான்கரைக்கு ஏறியது. மிஞ்சாத எல்லை ஐம்பதரைக்கு இறங்கியது. இடைவெளி பாதியாகிவிட்டது. இன்னும் சிறிதாக்கினால் இன்னும் நெருங்கும். கரைக்கு எவ்வளவு அருகில் போனாலும் உடைந்த கட்டங்கள் இருந்துகொண்டேதான் இருக்கும். அவை சிறுத்துச் சிறுத்துப் போகும்; இல்லாமற்போகா. ஓரத்துக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் வளைந்துகொண்டேதான் இருக்குமா என்று அவள் கேட்டதும், பாடத்தில் இல்லை என்று தாம் சொன்னதும் அவருக்கு நினைவுக்கு வந்தன. பாடமே அதுதான்.

"அடுத்தது மில்லிமீட்டர் தாளா?" என்றாள் ப்ரியா. "கண்ணு போயிரும். வாங்க, கடை மூடிருவான்."

அவர் எழுந்தார். ஆனால் நெகிழித்தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்கு அவர் அதே ஏரியைக் கொண்டுபோனார். நகலெடுக்கும் கடையில் சொல்லி, கட்டம் அச்சிட்ட நெகிழித்தாள்களை ஆளுக்கொன்று எடுத்து வந்திருந்தார். "தாளை உங்கள் விருப்பப்படி ஏரியின் மேல் போடுங்கள். நேராகவோ கோணலாகவோ, எப்படி விழுந்தாலும் சரி. உங்களுக்குச் சரி என்று படும் முறையில் எண்ணுங்கள். ஆனால் முறையை என்னிடம் சொல்ல வேண்டும்."

"எப்படி வேணா எண்ணலாமா சார்?" அனிருத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆன்சர் நாப்பத்தொண்ணுதானே?"

"அதைத்தான் பார்க்கப் போகிறோம்."

கரும்பலகையின் அடியில் முப்பத்தைந்து தொடங்கி வரிசையாக எண்களை எழுதினார். ஒவ்வொருவரும் தம் விடையைச் சொல்லச் சொல்ல, அந்த எண்ணின் மேல் ஒரு பெருக்கல் குறி. குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. முப்பத்தொன்பதில் ஒன்று, நாற்பதில் சில, நாற்பத்திரண்டிலும் நாற்பத்து மூன்றிலும் உயர்ந்த அடுக்குகள். பிறகு நாற்பத்தாறு வரை இறக்கம். ஃபர்ஹானா ஒருத்திதான் ஐம்பத்தெட்டு என்றாள். உடைந்த கட்டங்களை எல்லாம் முழுதாகச் சேர்த்திருந்தாள்.

"ஏன்?"

"ஏரி தொட்ட எடமெல்லாம் ஏரியோடதுதான் சார். மழை பேஞ்சா எங்க கல்லித் தெருவுல அப்படித்தான்."

வகுப்பு உருண்டு சிரித்தது. பலகையையே பார்த்திருந்த அனிருத் சொன்னான், "சார், மௌலாலி குட்டா மாதிரி இருக்கு!" உண்மையிலேயே அந்தக் குன்றைப் போலத்தான் இருந்தது, நடுவில் பருத்து, இருபுறமும் சரிந்து. தமிழ்ச்செல்வனின் நாற்பத்தொன்று எங்கே என்று பிள்ளைகள் தேடினார்கள். அது உச்சியில் இல்லை. இடப்பக்கச் சரிவில், மற்ற குறிகளுக்கு நடுவே, ஒரு சாதாரணக் கல்லாகக் கிடந்தது.

"அப்ப எது சார் ரைட் ஆன்சர்?" என்று கேட்டான் அனிருத்.

"இந்த ஏரியின் பரப்பளவு ஓர் எண்தான். அது எந்த எண் என்று நம் கட்டங்களால் சொல்ல இயலாது. எதற்கும் எதற்கும் இடையில் இருக்கிறது என்று சொல்ல இயலும். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்றும் சொல்ல இயலும். அதுதான் விடை."

அவர் நெளிகோடுகளை வரைந்தார். சற்றுத் தயங்கி, பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் அந்தச் சொல்லை எழுதினார். சன்னல் ஓரத்தில் ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள்.

உணவு இடைவேளையில் அவர் துணை முதல்வர் பத்மஜாவின் அறைக்குச் சென்றார். பத்மஜா சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகத் தெரியும். டிபன் பெட்டியை மூடாமலே முழுவதையும் கேட்டார்.

"ஏமண்டி செல்வன் சார், மூணு வருஷமா உங்க ஆன்சர் கீயில ஒரு தப்பு யாராச்சும் சொன்னாங்களா? இப்ப நீங்களே வந்து சொல்றீங்க."

"எண் தப்பில்ல மேடம். அதைச் சுத்திப் பெட்டி போட்டதுதான் தப்பு."

"அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு குறையுது?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டு. குடுத்துடுங்க. கிரேஸ்னு நான் சைன் பண்றேன். மேல ஒரு நாற்காலி எக்ஸ்ட்ரா போட்டா எவரிக்கீ தெலியது, யாருக்கும் தெரியாது. பொண்ணுக்கும் சந்தோஷம், அப்பாவுக்கும் சந்தோஷம்."

"அவளுக்கு மட்டும் குடுத்தா அது கருணை ஆயிடும் மேடம். அவ எண்ணியிருக்கா. அவளை மாதிரி எண்ணி வேற எண் எழுதின பிள்ளைகளும் இருக்காங்க. முப்பத்தொன்பதுலேர்ந்து நாப்பத்தாறு வரைக்கும், எண்ணின அடையாளம் இருந்தா, எல்லாருக்கும் குடுக்கணும்."

"ரெண்டு செக்ஷனும் சேத்து எழுபத்துச் சொச்சம் பேப்பர். லிஸ்ட் ஒட்டியாச்சு. அப்படித் திருத்தினா முப்பதாவது ஆள் மார்க்கை எத்தனை பேர் வந்து தொடுவாங்க?"

"திருத்தினாத்தான் தெரியும். இப்போதைக்குச் சுமார் மூணு பேர்."

பத்மஜா கரண்டியைக் கீழே வைத்தார். "என்னது? நீங்களா சுமார்னு சொல்றது?"

"எண்ணிப் பார்த்துத்தான் சொல்றேன் மேடம். ரெண்டுக்குக் குறையாது, அஞ்சை மிஞ்சாது." பிறகு, சற்றே தயக்கத்துடன் சேர்த்துக்கொண்டார். "நம்ம சுற்றறிக்கையிலயும் சுமாரு முப்பை மந்தின்னுதான் போட்டிருக்கு. முப்பத்து மூணு அதுக்குள்ள வரும்."

பத்மஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "வாதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கரெஸ்பாண்டென்ட் ஒத்துக்கணும். முப்பதுன்னா முப்பதுதான்னு அவர் சொல்லிட்டா, மார்க் சமமா இருக்கிறவங்கள சயின்ஸ் மார்க் வெச்சுப் பிரிப்பாங்க. அதுல அந்தப் பொண்ணு எப்படி?"

தமிழ்ச்செல்வன் பார்த்திருந்தார். "நடுவுல."

"அப்போ பாருங்க. கிரேஸ் குடுத்தா அவளுக்கு மேல்மாடி நிச்சயம். எல்லாரையும் திருத்தினா நிச்சயமில்ல. கிடைக்கலாம், கிடைக்காமயும் போகலாம். கிடைக்கலன்னா அந்த அப்பா வந்து உங்களத்தான் கேப்பார். நான் கண்ண மூடிட்டு சைன் பண்ணத் தயார். உங்களுக்கு எது வேணும்?"

அறையின் சன்னலுக்குக் கீழே முற்றம் தெரிந்தது. பாதாம் மரத்தடியில் பிள்ளைகள் நெகிழித்தாள்களோடு திரிந்தார்கள். வகுப்பு முடிந்தும் ஒருவரும் அவற்றைத் திருப்பித் தரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அனிருத் தன் தாளை ஃபர்ஹானாவின் நிழல்மேல் பிடித்து எண்ண முயன்றான். அவள் ஓடிக்கொண்டே இருந்ததால் எண்ண முடியவில்லை. ஜெசிந்தா சிமெண்டு மேடையில் மண்டியிட்டிருந்தாள். தரையில் சிந்திய நீரின் மேல் தாளை வைத்திருந்தாள். வெயிலில் நீர் சுருங்கிக்கொண்டிருந்தது. அது சுருங்குவதற்குள் எண்ணிவிட வேண்டும் என்னும் அவசரம் அவள் முதுகில் தெரிந்தது. ஓரம் அவளைவிட வேகமாக உள்வாங்கியது. அவள் அலுத்துக்கொள்ளவில்லை. எழுந்து, கையில் இருந்த குப்பியிலிருந்து இன்னும் கொஞ்சம் நீரை ஊற்றிவிட்டு மறுபடி குனிந்தாள்.

தமிழ்ச்செல்வன் சன்னலிலிருந்து திரும்பினார்.

"எல்லாத் தாளையும் மறுபடி திருத்துறேன் மேடம். ஆரோக்கியசாமிகிட்ட, கிடைக்காமலும் போகலாம்னு நானே சொல்லிடறேன்" என்றார்.